'செட்' என்ற சின்னச் சொல்லில் தடுக்கி விழும் இடங்கள்

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில் நீதிமன்றச் செய்தி ஒன்றைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். 'கீழ் நீதிமன்றத்தின் தீர்ப்பை உயர் நீதிமன்றம் ஒதுக்கி வைத்தது.' மூலத்தில் இருந்தது 'செட் அசைட்'. செட் என்றால் வை, அசைட் என்றால் ஓரமாக. கூட்டினால் ஒதுக்கி வை. கணக்கு சரியாகத்தான் வந்தது. பிரதி திருத்துபவர் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஒதுக்கி வச்சாங்க, சரி. அப்புறம் எப்ப எடுப்பாங்க?"

எடுக்கவே மாட்டார்கள். அந்தத் தீர்ப்பு ரத்து. சட்ட ஆங்கிலத்தில் 'செட் அசைட்' என்றால் இனி அது செல்லாது என்று பொருள். நான் எழுதியதைப் படித்தவர், வழக்கு எங்கோ நிலுவையில் கிடப்பதாக அல்லவா நினைத்திருப்பார்?

மூன்றே எழுத்துச் சொல். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் இதற்கு 430 பொருள்கள் இருந்தன. விளக்கம் மட்டும் சுமார் 60,000 சொற்கள், ஒரு நாவலே அவ்வளவுதான் வரும். பிறகு அகராதியைத் திருத்தியபோது 'ரன்' என்ற வினை 645 பொருள்களோடு முந்திக்கொண்டது, அது வேறு கதை. இந்தப் பொருள்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யப் பார்ப்பவர்களும் உண்டு. பத்தாவது வரியில் தூக்கம் வரும். எங்கே தடுக்குகிறது என்று தெரிந்துகொள்வது அதைவிட உபயோகமான வேலை.

முதல் தடுக்கல், இதை ஒரே சொல் என்று நினைப்பது. 'செட்' என்றதும் நம் மனதில் வருவது ஒரு தொகுப்பு: சதுரங்க செட், சாவி செட். அதனால் அதுதான் மூலப்பொருள், மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை என்று தோன்றும். உண்மையில் இங்கே இரண்டு சொற்கள் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கின்றன. 'வை' என்ற பொருளுள்ள வினை, பழைய ஆங்கிலத்தின் 'செட்டன்' என்பதிலிருந்து வந்தது. ஜெர்மன் மொழியின் 'ஸெட்சன்' அதன் உறவு. தொகுப்பு என்ற பெயர்ச்சொல்லோ பழைய பிரெஞ்சின் 'செத்' வழியாக, 'பின்பற்றுவோர் கூட்டம்' என்ற பொருளுள்ள 'செக்டா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சமயப் பிரிவைக் குறிக்கும் 'செக்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வீட்டுப் பிள்ளை. இரண்டும் ஆங்கிலத்தில் வந்து ஒரே ஒலியில் முட்டிக்கொண்டன. நாளாவட்டத்தில் ஒன்றின் சாயல் மற்றதன்மேல் படியவும் செய்தது.

இது நமக்குப் புதிதல்ல. கணிதத்தில் 'செட்' என்பதற்கு நாம் வைத்த சொல்லையே பாருங்கள்: கணம். பூதகணம், சிவகணம் என்கிறோமே, அந்தக் கூட்டம் என்ற பொருளுள்ள கணம் அது. 'ஒரு கணம் திகைத்தான்' என்பதில் இருப்பதோ க்ஷணத்திலிருந்து வந்த கணம். எழுத்து ஒன்று, பிறப்பு வேறு. மொழிபெயர்க்கப்பட்ட சொல்லுக்கும் அதே இரட்டை வேடம் அமைந்துவிட்டது தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

கணக்கு செட்டையும் வீட்டு செட்டையும் குழப்புவதும் நடக்கிறது. சதுரங்க செட்டில் 32 காய்கள். ஒரு சிப்பாய் தொலைந்தால் 'செட் போச்சு' என்போம். அன்றாட செட் என்றால் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தி, குறையில்லாமல் இருக்க வேண்டும். கணிதத்தின் கணத்துக்கு அந்தக் கவலை கிடையாது. 31 இருந்தாலும் கணம், ஒன்றுமே இல்லாவிட்டாலும் கணம், அதற்கு வெற்றுக் கணம் என்று பெயர். கணக் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்ட கணித அறிஞர் கியோர்க் கேண்டர் இந்தக் கருத்தை ஜெர்மனில் 'மெங்கெ' என்று எழுதினார். அதை ஆங்கிலத்தில் 'அக்ரிகேட்' என்று எழுதியவர்களும் உண்டு, கடைசியில் 'செட்'தான் நிலைத்தது.

சரி, வினைக்கு வருவோம். 'சிட்' என்றால் உட்கார். 'செட்' என்றால் உட்கார வை. தன்வினை, பிறவினை என்று நாம் பள்ளியில் படித்ததுதான். ஓடு–ஓட்டு, திரும்பு–திருப்பு, அடங்கு–அடக்கு போல ஆங்கிலத்தில் இது ஒரு பழைய சோடி. 'ரைஸ்'–'ரெய்ஸ்', 'லை'–'லே' ஆகியவையும் அப்படிப்பட்டவைதான். இந்த உறவு தெரியாமல்தான் 'நாற்காலியில் செட் பண்ணினேன்' என்று ஆங்கிலத்தில் எழுதி, உட்கார்ந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் எல்லாம் இவ்வளவு ஒழுங்காக இருந்துவிட்டால் அது ஆங்கிலம் இல்லையே. சூரியன் தானாகவே 'செட்' ஆகிறது. சிமெண்டும் அப்படியே. அங்கே யாரும் எதையும் உட்கார வைக்கவில்லை.

இறந்த காலத்தில் 'செட்டட்' என்று எழுதுவதும் அடிக்கடி கண்ணில் படும். அப்படி ஒரு சொல் கிடையாது. நேற்று வைத்தாலும் இன்று வைத்தாலும் 'செட்' செட்தான், 'புட்', 'கட்', 'ஹிட்' மாதிரி. காலத்தைச் சுற்றியுள்ள சொற்களிலிருந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். 'ஹி செட்' என்று கடைசியில் எஸ் இல்லாமல் வந்தால் அது இறந்த காலம். இந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல், என்றோ நடந்ததை இன்று நடப்பதாக மொழிபெயர்த்துவிடுகிறோம்.

இனி, நமக்கு அதிகம் உதவுவதும் அதிகம் ஏமாற்றுவதுமான இடம். 'செட்' என்ற வினைக்குத் தமிழில் நெருங்கிய கூட்டாளி 'வை'. ஆச்சரியமாக இருக்கும், பொருத்திப் பாருங்கள். தீ வை, பொறி வை, அலாரம் வை, கெடு வை, விலை வை, பரீட்சை வை, காலடி வை: இத்தனைக்கும் ஆங்கிலத்தில் 'செட்' போடலாம். இரண்டு மொழிகளும் தனித்தனியாக யோசித்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்த மாதிரி இருக்கும். இந்தச் சந்தோஷத்தில் அடுத்த அடி எடுத்து வைத்தால் வழுக்கும்.

'செட் ஐஸ் ஆன்' என்பதைக் 'கண் வைத்தான்' என்று எழுதினால் என்ன ஆகும்? ஆங்கிலத்தில் அதற்குப் பார்த்தான் என்று மட்டுமே பொருள், பெரும்பாலும் முதல்முறை பார்த்தான் என்று. தமிழில் கண் வைத்தான் என்றால் ஒன்று ஆசைப்பட்டிருக்கிறான், இல்லை கண்ணேறு போட்டிருக்கிறான். முதன்முதலில் கடலைப் பார்த்த பையனைப் பற்றிய வரி அது என்றால், அவன் கடலைத் திருடப் போகிறானோ என்று தோன்றும். 'செட் ஹிஸ் ஹார்ட் ஆன்' இன்னும் மோசம். 'மனசு வைத்தான்' என்று எழுதத் தோன்றும், ஆனால் நாம் மனசு வைப்பது இரங்கி இசைவதற்கு, 'நீங்க மனசு வச்சா நடக்கும்' என்பது போல. ஆங்கிலத்திலோ அது ஒன்றின் மேல் தீராத ஆசை. பெயர் வைப்பதற்கும் நம்பிக்கை வைப்பதற்கும் முற்றுப்புள்ளி வைப்பதற்கும் 'செட்' வராது. சில இடங்களில் தமிழ் தன் சொந்த வினையைக் கேட்கும்: மோதிரத்தில் கல்லைப் பதிக்கிறோம், முறிந்த எலும்பைப் பொருத்துகிறோம், பாட்டுக்கு இசை அமைக்கிறோம், ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக் கோத்தார்கள். ஆங்கிலத்தில் இத்தனைக்கும் 'செட்' ஒன்றே போதும்.

(இடையில் ஒன்று: வைத்தான், வைதான். ஒரு ஒற்று போனால் வைப்பது திட்டுவதாகிவிடும். நம் 'வை'யும் சாமானியப்பட்டதல்ல.)

வால் சொற்களில் விபத்து அதிகம். 'செட்' பின்னால் அப், ஆஃப், இன், அசைட் என்று ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டால், பிரித்துப் பொருள் கூட்டுவதை நிறுத்திவிட வேண்டும். நான் பார்த்ததிலேயே தலைகீழான தவறு அலாரத்தில்தான். 'செட் தி அலாரம்' என்றால் அலாரம் வை. 'செட் ஆஃப் தி அலாரம்' என்றால்? ஆஃப் என்றாலே அணைப்பது என்று நம் காதுக்குப் பழகிவிட்டது. அதனால் 'திருடன் அலாரத்தை அணைத்துவிட்டான்' என்று எழுதிவிடுகிறார்கள். அடுத்த வரியில் காவலர்கள் ஓடி வருவார்கள், எதற்கு என்று படிப்பவருக்குப் புரியாது. அவன் அணைக்கவில்லை, அலறவிட்டிருக்கிறான். அதே 'செட் ஆஃப்', பயணத்தில் வந்தால் புறப்பட்டான், வெடியோடு வந்தால் வெடிக்க வைத்தான். கணக்கில் வந்தால் ஒரு தொகையை இன்னொன்றில் கழித்து ஈடுகட்டுவது. வருமான வரிப் படிவத்தில் நட்டத்தை 'செட் ஆஃப்' செய்வது என்றால் இதுதான்.

'செட் இன்' சுலபம்: மழை பிடித்துக்கொண்டது என்கிறோமே, அந்தப் 'பிடித்துக்கொள்'. 'செட் அப்' நிறுவுவதற்கும் வரும், ஒருவரைப் பொய்யாகச் சிக்க வைப்பதற்கும் வரும். பக்கத்தில் இருப்பது நிறுவனமா ஆளா என்று பார்த்தால் பெரும்பாலும் விளங்கிவிடும். எழுதும்போது வினையானால் இரண்டு சொல், பெயரானால் ஒரே சொல்.

நாம் தமிழில் பேசும் 'செட்' தனி ஆள். அதை அப்படியே திருப்பி ஆங்கிலத்தில் ஏற்றினால் நிற்காது. 'அந்த வேலை எனக்கு செட் ஆகல' என்றால் பொருந்தவில்லை என்று நமக்குப் புரியும். அதையே 'தி ஜாப் டிட் நாட் செட்' என்று நேர்காணலில் சொன்னால், கேட்பவர் ஏதோ இறுகவில்லை போலிருக்கிறது என்று விழிப்பார். அங்கே 'சூட்' என்ற சொல் வேண்டும். இறுகுவது என்றதும் இன்னொன்று: கான்கிரீட் 'செட் ஆயிடுச்சு' என்றால் வலுவாகிவிட்டது என்று அர்த்தமில்லை. இளகிய நிலை போய்விட்டது, அவ்வளவுதான். செட் ஆவது சில மணி நேரச் சமாச்சாரம், வலுவைச் சோதித்துப் பார்ப்பதோ வழக்கமாக 28ஆம் நாளில். தண்ணீர் ஊற்றுவதை அதற்குள் நிறுத்துபவர்கள் இந்தச் சொல்லை நம்பித்தான் நிறுத்துகிறார்களோ என்னவோ.

'செட்டப் பாக்ஸ்' என்ற உச்சரிப்பையும் சொல்லியாக வேண்டும். அது 'செட்–டாப்'. டிவி செட்டின் தலைமேல் உட்கார வைத்த பெட்டி என்பதால் அந்தப் பெயர். டிவி தட்டையாகி, மேலே எதையும் வைக்க இடமில்லாமல் போய்விட்டது. பெட்டி கீழே இறங்கிவிட்டது. பெயர் இறங்கவில்லை.

ஒலியை வைத்து உறவு கொண்டாடுவது அடுத்த பள்ளம். சொத்து என்ற பொருளுள்ள 'அசெட்' என்ற சொல்லுக்குள் 'செட்' இருப்பதாகத் தெரியும். கிடையாது. அது 'போதுமானது' என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கடனை அடைக்கப் போதுமான உடைமை, அதுதான் அசெட்ஸ். கடைசியில் இருந்த எஸ்ஸைப் பன்மை என்று நினைத்து வெட்டியதில்தான் ஒருமை பிறந்தது. 'கேசட்' சின்னப் பெட்டி, அதற்கும் செட்டுக்கும் சம்பந்தமில்லை. தமிழிலேயே 'செட்டு' என்ற சொல் இருக்கிறது, கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்துவது என்கிறோமே, சிக்கனம் என்ற பொருளில். அது நம்முடையது, ஆங்கிலச் சொல்லோடு முடிச்சுப் போட வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், காதுக்கு எட்டாத உறவுதான் உண்மையானதாக இருக்கிறது. அருகே அமர்தல் என்ற பொருளுள்ள 'உபநிடதம்' என்பதில் வரும் 'ஸத்' என்ற வடமொழி வேரும், ஆங்கிலத்தின் சிட், செட் இரண்டும் ஒரே பழைய வேரிலிருந்து கிளைத்தவை.

கதை நன்றாக இருந்தால் உண்மை என்று நம்பிவிடுவதும் உண்டு. பலமான அணி தோற்றால் 'அப்செட்' என்கிறார்கள். அதற்கு ஒரு குதிரைக் கதை சொல்வார்கள். அமெரிக்காவில் 'மேன் ஓ வார்' என்ற பந்தயக் குதிரை 21 ஓட்டங்களில் 20இல் வென்றது. தோற்ற ஒரே ஓட்டம் 1919 ஆகஸ்ட் 13 அன்று சரடோகாவில். அன்று அதை வென்ற குதிரையின் பெயர் 'அப்செட்'. அதிலிருந்துதான் அந்தச் சொல் வந்தது என்பார்கள். குதிரையும் நிஜம், பெயரும் நிஜம், தோல்வியும் நிஜம். ஆனால் அந்தக் குதிரை பிறப்பதற்கு முன்பே, 19ஆம் நூற்றாண்டுப் பந்தயச் செய்திகளில் அந்தப் பொருளிலேயே சொல் புழங்கியிருக்கிறது.

இந்த 'அப்செட்' இன்னொரு விதத்திலும் காலை வாரும். ஆரம்பத்தில் அதற்கு நிமிர்த்தி வை, மேலே நிறுத்து என்றுதான் பொருள். கவிழ்ப்பது பிறகு வந்தது, மனம் கலங்குவது அதற்கும் பிறகு. பழைய பொருள்தான் சரியான பொருள் என்று யாராவது வாதாடினால், கவிழ்ந்த படகை நிமிர்ந்த படகு என்று சொல்ல வேண்டி வரும். என்றாலும் அந்தப் பழைய பொருளின் சாயல் ஒரு மூலையில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஏல அறிவிப்புகளில் 'அப்செட் பிரைஸ்' என்று வரும். ஏலம் எந்தத் தொகையில் நிறுத்தித் தொடங்கப்படுகிறதோ, அந்தக் குறைந்தபட்ச விலை. சமீபத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் ஒருவர் அதை 'விலைச் சரிவு' என்று எழுதி என்னிடம் கொண்டுவந்தார். 'தொடக்க விலை' என்று மாற்றிக் கொடுத்துவிட்டு, என் ஒதுக்கி வைத்த தீர்ப்பைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை.