கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் ஓவன்: எந்த முறைக்கு எந்தப் பாத்திரம்?

கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் ஓவன் வாங்கிய பல வீடுகளில், அது பால் காய்ச்சவும் பழைய குழம்பைச் சூடாக்கவும் மட்டுமே பயன்படுகிறது. எந்தப் பாத்திரத்தை எப்போது உள்ளே வைக்கலாம் என்ற தயக்கமே இதற்குப் பெரும்பாலும் காரணம். மைக்ரோ, கிரில், கன்வெக்‌ஷன் ஆகிய மூன்று முறைகளிலும் வெப்பம் உண்டாகும் இடம் வெவ்வேறு என்பதால், ஒரு முறைக்கு மிகப் பொருத்தமான பாத்திரம் இன்னொரு முறையில் ஆபத்தாக முடியலாம். வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால், பாத்திரத்தைத் தேர்ந்தெடுப்பதில் குழப்பமே இராது.

மைக்ரோ முறையில் ஓவனுக்குள் இருக்கும் காற்று சூடாக்கப்படுவதில்லை. மேக்னட்ரான் என்னும் பகுதி வெளியிடும் 2,450 மெகாஹெர்ட்ஸ் அலைகள் உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை அசைத்து, உணவுக்குள்ளேயே வெப்பத்தை உண்டாக்குகின்றன. உலோகத்தின் மீது பட்டால் இந்த அலைகள் திரும்பிவிடும். அதனால்தான் எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்த சாம்பார் சரியாகச் சூடாவதில்லை. கிண்ணம் ஓவனின் சுவரை ஒட்டி இருந்தால் தீப்பொறியும் பறக்கக்கூடும். தங்க நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ கோடு போட்ட பீங்கான் தட்டுகளையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்க வேண்டும். மெலமைன் தட்டுகள் அலைகளை உறிஞ்சித் தாமே சூடாகிவிடும் என்பதால் அவையும் கூடாது. பிளாஸ்டிக் டப்பாவானால், மைக்ரோவேவுக்கு ஏற்றது என்ற குறி அதன் அடியில் இருக்க வேண்டும். ஆனால் எண்ணெய் மிதக்கும் குழம்பு தண்ணீரைவிட அதிகமாகச் சூடேறும் ஆதலால், அதற்குக் குறியிட்ட பிளாஸ்டிக்கைக் காட்டிலும் கண்ணாடிக் கிண்ணமே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

வீட்டிலுள்ள ஒரு பீங்கான் அல்லது கண்ணாடிப் பாத்திரம் மைக்ரோ முறைக்குப் பொருந்துமா என்று ஐயம் எழுந்தால், அந்தப் பாத்திரத்தைக் காலியாக வைத்து, பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீரையும் வைத்து, முழுத் திறனில் 1 நிமிடம் ஓட விடுங்கள். தண்ணீர் சூடாகிப் பாத்திரம் குளிர்ச்சியாகவே இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். பாத்திரம் சூடாகியிருந்தால் வேண்டாம். தண்ணீர்க் குவளை இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. அலைகளை ஏற்க உள்ளே எதுவும் இல்லையென்றால் அவை திரும்பிச் சென்று மேக்னட்ரானைக் கெடுத்துவிடும்.

பாத்திரத்தின் வடிவமும் முக்கியம். சதுரப் பாத்திரத்தின் மூலைகளில் உணவு காய்ந்துபோகும் ஆதலால் வட்டமானதையே எடுங்கள். அலைகள் உணவுக்குள் சில சென்டிமீட்டர் ஆழம் வரையே செல்லும் என்பதால், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சாதத்தைக் குவித்து வைத்தால் ஓரம் கொதிக்கும், நடு சில்லென்று இருக்கும். அகலமான தட்டில் பரப்பி, நடுவில் சிறு குழி விட்டு, ஒரு கைத் தண்ணீர் தெளித்து, இறுக்கமில்லாமல் மூடி வைத்துச் சூடாக்கினால் சாதம் புதிதாக வடித்ததுபோல் மலர்ந்து வரும். பால் போன்ற பொங்கும் பொருள்களுக்குப் பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது.

கிரில் முறையில் மேலே உள்ள கம்பி சிவந்து, அதன் கதிர்வீச்சு உணவின் மேற்பரப்பை மட்டும் வறுக்கிறது. பன்னீர் டிக்கா, மீன் துண்டு, சீஸ் தூவிய ரொட்டி போன்றவற்றை உயரமான கம்பி ஸ்டாண்டில் வைத்து, வடியும் சாற்றைப் பிடிக்கக் கீழே ஒரு தட்டு வைத்தால் போதும். இங்கே பிளாஸ்டிக்குக்கு இடமே இல்லை.

கன்வெக்‌ஷன் முறைதான் உண்மையான பேக்கிங் அடுப்பு. சூடேறிய காற்றை விசிறி சுழற்றிவிட, பாத்திரம் அந்தச் சூட்டை வாங்கி உணவுக்குக் கடத்துகிறது. ஆகவே மைக்ரோவில் விலக்கி வைத்த உலோகம் இங்கே முதலிடம் பெறுகிறது. கேக்குக்கு அலுமினிய டின்னே சிறந்தது; எவர்சில்வர் சூட்டைச் சீராகக் கடத்தாது என்பதால் அதில் ஊற்றிய கேக் ஓரங்களில் சிவந்தும் நடுவில் வேகாமலும் நிற்பதுண்டு. கறுப்பு நிற டின் சூட்டை விரைவாக வாங்கி அடிப்பக்கத்தைக் கருக்கிவிடும் ஆதலால், குறிப்பில் சொன்ன நேரத்துக்குச் சில நிமிடங்கள் முன்பே பார்த்துவிட வேண்டும். விசிறியில்லாத ஓவனுக்கு எழுதப்பட்ட குறிப்பாக இருந்தால் வெப்பத்தை ஏறக்குறைய 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். 180 டிகிரி என்றிருந்தால் 160 போதும். டின்னைச் சுற்றிக் காற்று ஓடுவதற்கு எல்லாப் பக்கமும் 2 அல்லது 3 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்பதால், ஓவனின் முழு அகலத்துக்கும் பொருந்துகிற பெரிய டின்னை வாங்குவது வீண். ஓவனை முன்கூட்டியே சூடாக்கி, டின்னைக் குட்டையான ஸ்டாண்டின் மேல் வையுங்கள். டின்னை நேரடியாகக் கண்ணாடித் தட்டின் மேல் வைத்து வேகவைத்தால் அடியில் காற்று போகாது.

மைக்ரோவும் கிரில்லோ கன்வெக்‌ஷனோ மாறி மாறி இயங்கும் காம்பினேஷன் முறைக்கு, பாத்திரம் அலைகளையும் ஊடுருவ விட வேண்டும், சூட்டையும் தாங்க வேண்டும். போரோசிலிகேட் கண்ணாடியும் கோடில்லாத ஓவன் பீங்கானும் இதற்கு ஏற்றவை. உலோகமாக உள்ளே வைக்கத் தக்கது, அந்த ஓவனுடனேயே தரப்பட்டு, கையேட்டில் இம்முறைக்கு அனுமதிக்கப்பட்ட ஸ்டாண்டு மட்டுமே. கண்ணாடிப் பாத்திரத்தைச் சூடாக வெளியே எடுத்ததும் ஈரமான கல் மேடையில் வைக்காமல், மடித்த உலர்ந்த துணியின் மேல் வையுங்கள். திடீர்க் குளிர்ச்சியில் அது வெடித்துச் சிதறக்கூடும்.

பலரும் கவனிக்காத ஒன்று, ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் தருணம். கேக் வெந்து முடிந்த உடனே, மைக்ரோவில்தானே வைக்கிறோம் என்று பிளாஸ்டிக் டப்பாவை உள்ளே வைத்தால், 180 டிகிரிச் சூட்டில் இருக்கும் கண்ணாடித் தட்டு பட்டு அதன் அடிப்பகுதி இளகிவிடும். மைக்ரோவுக்கு மாறும்போது கம்பி ஸ்டாண்டை வெளியே எடுத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்து உட்புறம் நன்றாக ஆறிய பிறகே பிளாஸ்டிக்கை வைக்க வேண்டும். அவசரமென்றால் அந்த வேளைக்குக் கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.