முதல்முறையாகக் கன்னியாகுமரி மாவட்டம் வருகிறவர்களுக்கு: மூன்று நாள் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

அதிகாலையில் வண்டியை விட்டு இறங்கி சூரிய உதயம், எட்டு மணிக்குப் படகு, கரையில் கொஞ்சம் பாசிமணி, மதியச் சாப்பாடு, அப்புறம் நேராக ராமேஸ்வரம் அல்லது திருவனந்தபுரம். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் எங்கள் மாவட்டத்தை இப்படித்தான் பார்த்துவிட்டுப் போகிறார்கள். தக்கலைப் பக்கம் பிறந்து வளர்ந்தவன் என்பதால் எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். குமரி முனையிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரப் பயணத்துக்குள் மரத்தில் இழைத்த அரண்மனை, அருவி, சமணர் குகை, கடலுக்குள் நீளும் பாறைகள் என்று எவ்வளவோ இருக்கின்றன. ஒரு நாள் போதாது, மூன்று நாள் ஒதுக்குங்கள்.

சொந்தக்காரர்களும் நண்பர்களும் வரும்போதெல்லாம் நான் போட்டுக் கொடுக்கும் திட்டத்தையே இங்கே எழுதுகிறேன். திட்டம் போடும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே உங்கள் கடிகாரத்தைவிடக் கடலும் மழையும் சொல்வதே நடக்கும்.

படி 1: மாதத்தைத் தேர்வு செய்யுங்கள்

இந்த மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். ஜூன் மாதம் கேரளத்தோடு சேர்ந்து தென்மேற்குப் பருவமழை வரும். அக்டோபரில் மற்ற தமிழ்நாட்டு மாவட்டங்களோடு சேர்ந்து வடகிழக்குப் பருவமழையும் வரும். ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டி உள்ளே வந்ததும் வெயிலில் காய்ந்த நிறம் மாறி, தென்னையும் வாழையும் ரப்பரும் கண்ணில் படத் தொடங்குவது இதனால்தான்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அருவி நன்றாக இருக்கும். ஆனால் காற்று பலமாக வீசும், கடல் கொந்தளிக்கும், படகுப் போக்குவரத்து அடிக்கடி நிற்கும். ஏப்ரல், மே மாதங்களில் வெயிலோடு புழுக்கமும் சேர்ந்துகொள்ளும், நிழலில் நின்றாலும் சட்டை நனையும். கார்த்திகையும் மார்கழியும் இதமான காலம். ஆனால் சபரிமலை போகும் பக்தர்கள் கூட்டம் மகரவிளக்கு வரை குறையாது, அறை வாடகையும் ஏறும்.

என்னைக் கேட்டால் பொங்கல் கழிந்து மாசி முடியும் வரை உள்ள நாட்கள்தான் சிறந்தவை. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கன்னியாகுமரி முனையில் நின்றால் வருடம் முழுவதும் சூரியன் கடலில் அஸ்தமிப்பதைப் பார்க்கலாம் என்று பலர் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். சூரியன் மறையும் இடம் வருடம் முழுக்க வடக்கும் தெற்குமாக நகர்ந்துகொண்டே இருக்கும். ஏறக்குறைய ஐப்பசி முதல் மாசி வரைதான் முனையிலிருந்து பார்த்தால் கடலுக்குள் மறையும். மற்ற மாதங்களில் கரையும் தென்னைகளும் மறைத்துவிடும். அப்போது ஊருக்கு மேற்கே கோவளம் (கேரளத்துக் கோவளம் இல்லை) பக்கம் இருக்கும் சன்செட் பாயிண்டுக்குப் போக வேண்டும். சித்திரைப் பௌர்ணமி அன்று மட்டும் வெயிலைப் பொறுத்துக்கொண்டு வரலாம். ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் நிலா எழும்பி வருவதை ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம்.

படி 2: எப்படி வருவது, எங்கே தங்குவது

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு இரவில் கிளம்பும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் வசதி. பகலில் வர விரும்பினால் 2024 ஆகஸ்ட் முதல் எழும்பூர் - நாகர்கோவில் வந்தே பாரத் ஓடுகிறது. விமானத்தில் வந்தால் பக்கத்து விமான நிலையம் திருவனந்தபுரம்.

தங்குவதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் இரவு கன்னியாகுமரியில் தங்கினால் மறுநாள் விடியலில் கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். அடுத்த இரவுகளுக்கு 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நாகர்கோவிலுக்கு மாறிவிடுங்கள். அரண்மனை, அருவி, தொட்டிப்பாலம் எல்லாம் மேற்கே இருப்பதால் அங்கிருந்து போவது சுலபம்.

நாகர்கோவிலில் இரண்டு பேருந்து நிலையங்கள் இருப்பதைக் கவனியுங்கள். வெளியூர் வண்டிகள் வடசேரியில் நிற்கும், உள்ளூர் வண்டிகளுக்கு அண்ணா பேருந்து நிலையம் போக வேண்டும். அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. சிறிய மாவட்டம் என்று தூரத்தை வைத்து நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள். ஊர் முடிந்து ஊர் தொடங்குகிற இடைவெளியே தெரியாது, சாலையும் வளைந்து நெளிந்து போகும். முப்பது கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: முதல் நாளும், மறுநாள் காலையும்

நாகர்கோவிலில் இறங்கி கன்னியாகுமரி போகும் வழியிலேயே சுசீந்திரம் வந்துவிடும். தாணுமாலயன் கோவிலை மதியம் நடை சாத்துவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். சிவன், விஷ்ணு, பிரம்மா மூவரும் ஒன்றாகக் குடிகொண்ட இடம் இது. ஏழு நிலைக் கோபுரம், பதினெட்டு அடி ஆஞ்சநேயர், தட்டினால் ஸ்வரம் தரும் கல்தூண்கள் என்று பார்க்க நிறைய உண்டு. இங்கும் கன்னியாகுமரி பகவதி அம்மன் கோவிலிலும் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வேட்டி கட்டி வந்தால் வசதி.

மாலையில் காந்தி மண்டபம். காந்தியின் அஸ்தியைக் கடலில் கரைப்பதற்கு முன் மக்கள் பார்வைக்கு வைத்திருந்த இடத்தில் கட்டியது. அக்டோபர் 2 நண்பகலில் கூரையின் துளை வழியே வெயில் அந்த இடத்தின் மேல் விழும்படி அமைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு அப்படியே அஸ்தமனத்துக்கு நடந்துவிடலாம்.

மறுநாள் விடிவதற்கு அரை மணி நேரம் முன்பே கரையில் இருங்கள். உதயம் முடிந்ததும் அறைக்குத் திரும்பிப் படுத்துவிடாதீர்கள், நேராகப் படகுத்துறைக்குப் போங்கள். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகள் காலை எட்டு மணிக்குக் கிளம்பத் தொடங்கும். ஏழு மணிக்கெல்லாம் வரிசை நீண்டுவிடும்.

படகைக் காலையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு ஒரு அனுபவம் காரணம். கோயம்புத்தூரிலிருந்து என் மைனி (அண்ணி) குடும்பம் வந்தபோது படகைக் கடைசி நாள் மதியத்துக்குத் தள்ளி வைத்திருந்தோம். வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்று துறையை நெருங்கும்போது காற்று எழும்பி, அன்றைக்குப் படகு இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். மாலையில் அவர்களுக்கு ரயில். பிள்ளைகள் இரண்டு பேரும் கரையில் நின்று வள்ளுவரைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார்கள். அதிலிருந்து யாருக்குத் திட்டம் போட்டாலும் படகை முதல் காலையில்தான் வைப்பேன். அன்றைக்குப் படகு ஓடாவிட்டால் இன்னும் ஒரு காலை கையில் இருக்கும்.

படகு முதலில் விவேகானந்தர் பாறைக்குப் போகும். 1892 டிசம்பரில் அவர் தியானம் செய்த இடம், நினைவு மண்டபம் 1970இல் திறக்கப்பட்டது. தியான மண்டபத்தில் பத்து நிமிடமாவது பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும், வெயில் ஏறினால் பாறை சுடும். காலையிலேயே போவதில் இந்த லாபமும் உண்டு.

அங்கிருந்து வள்ளுவர் சிலைக்கு இப்போது நடந்தே போகலாம். முன்பெல்லாம் நீர்மட்டம் தாழ்ந்தால் சிலைப் பக்கம் படகு போக முடியாது, அடியில் பாறை. 2024 டிசம்பர் இறுதியில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் அந்தக் குறையைத் தீர்த்தது. காலுக்கடியில் அலை புரள்வதைப் பார்த்தபடி கடக்கலாம். சிலையின் மொத்த உயரம் 133 அடி, குறளின் அதிகாரங்களின் எண்ணிக்கை. பீடம் 38 அடி, அது அறத்துப்பாலின் அதிகாரங்கள். மீதி 95 அடி பொருளும் இன்பமும். கணபதி ஸ்தபதி வடித்த இந்தச் சிலை 2000 ஜனவரி முதல் நாள் திறக்கப்பட்டது. பிள்ளைகளோடு போனால் கரையில் இருக்கும்போதே இந்தக் கணக்கைச் சொல்லி அழைத்துப் போங்கள், அப்புறம் சிலையைப் பார்க்கும் விதமே மாறிவிடும்.

திரும்பியதும் ஆறேழு கிலோமீட்டர் தள்ளி வட்டக்கோட்டை. மதிலின் மேல் ஏறினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு அதே மன்னரின் படைத் தளபதியாகி எழுப்பிய கோட்டை இது. அவருடைய கல்லறை தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. மறுநாள் அந்த வழியாகத்தான் போவீர்கள்.

படி 4: கடலில் இறங்கும் முன்

இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

முட்டம், சொத்தவிளை, சங்குத்துறை, கணபதிபுரம் எல்லாமே அழகான கடற்கரைகள். இரண்டாம் நாள் மாலையை முட்டத்தில் கழியுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் எங்கள் கடல் ஆழம் குறைந்த அமைதியான கடல் இல்லை. இங்கே கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. தெற்கே வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலில் அடிக்கும் புயல் எழுப்பும் அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே கரையேறும். இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். திடீரென்று கடல் ஏறி வரும். திருடனைப் போலச் சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை இப்படித்தான் அலை இழுத்துக்கொண்டது. 

ஆகவே, கிளம்பும் முன் அன்றைய செய்தியில் கடல் எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இன்காய்ஸ் எனும் கடல்சார் தகவல் மையம் கள்ளக்கடல் எச்சரிக்கை கொடுத்தால் கரைப்பக்கமே போகாதீர்கள். கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் யாரிடமாவது "அண்ணே, இன்னைக்கு இறங்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். முட்டத்தில் ஈரமாகத் தெரியும் பாறையில் கால் வைக்காதீர்கள். அந்த இடம் வரை அலை வந்து போகிறது என்று அர்த்தம். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பதும் வேண்டாம்.

படி 5: மூன்றாம் நாள், மேற்குப் பக்கம்

இந்த நாள் திங்கட்கிழமையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு இணைந்தபோதும் இந்த அரண்மனை கேரள அரசின் பொறுப்பிலேயே நின்றுவிட்டது. நம் மண்ணில் இருக்கும் இடத்தில் மலையாளப் பலகைகளைப் பார்ப்பது அதனால்தான்.

காலையில் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள், மதியம் இடைவேளை விடுவார்கள். திருவிதாங்கூரின் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும் வரை மன்னர்கள் வாழ்ந்த இடம். எனக்கு மிகவும் பிடித்தது மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலை. அதன் சன்னல்களில் நிற அப்பிரகத் (மைக்கா) தகடுகள் பதித்திருப்பார்கள், அதன் வழியாக வரும் ஒளியில் வெயிலின் உக்கிரம் தெரியாது. சுட்ட சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளை எல்லாம் கலந்து மெழுகிய கறுப்புத் தரை இன்றும் கண்ணாடிபோல் முகம் காட்டும். வெறுங்காலோடு அந்தக் குளிர்ச்சியில் நடக்கும்போது, இந்தப் புழுக்கமான ஊரில் வீடு கட்டத் தெரிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள் என்று தோன்றும். அவசரப்படாமல் இரண்டு மணி நேரம் கொடுங்கள்.

அடுத்து திருவட்டாறு அருகே மாத்தூர் தொட்டிப்பாலம். ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குச் சானல் (கால்வாய்) தண்ணீரைக் கடத்த, காமராசர் காலத்துத் திட்டத்தில் கட்டிய பாலம். 28 தூண்கள், 115 அடி உயரம், கீழே பறளியாறு. தொட்டியை ஒட்டிய நடைபாதையில் முழுவதும் நடக்கலாம். உயரம் பயம் உள்ளவர்கள் கீழே ஆற்றங்கரைக்கு இறங்கிப் பார்த்தால் போதும், அங்கிருந்து பார்ப்பதும் அழகுதான்.

கடைசியாகத் திற்பரப்பு அருவி. குளிக்க மாற்றுடை எடுத்துக்கொள்ளுங்கள். பலத்த மழை பெய்து கோதையாற்றில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போடுவார்கள், கோடையில் தண்ணீர் மெலிந்து விழும். கிளம்பும் முன் விடுதியில் விசாரித்துக்கொள்ளுங்கள். அருவி கிடைக்காத நாளுக்கு ஒரு மாற்று உண்டு: மார்த்தாண்டம் அருகே சிதறால். மலைமேல் பாறையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய சமணர் இடம், கூட்டமே இருக்காது. தண்ணீர் பாட்டிலோடு பைய ஏறுங்கள்.

படி 6: என்ன சாப்பிடுவது

காலையில் புட்டு, பயறு, பப்படம். அதோடு ஒரு வாழைப்பழத்தைப் பிசைந்துகொள்ளுங்கள். மதியம் மீன் குழம்பு, தேங்காய் அரைத்து ஊற்றியது. அவித்த மரச்சீனி (மரவள்ளி) கிழங்குக்கு அதைவிடப் பொருத்தமான துணை கிடையாது. சைவம் என்றால் தீயல், அவியல் கேளுங்கள். மாலையில் தட்டுக்கடையில் பழபஜ்ஜியும் சாயாவும். பதநீரை இங்கே அக்கானி என்போம். பனைப் பருவத்தில் காலை நேரத்தில் கிடைத்தால் விடாதீர்கள்.

வாழைப்பழம் வாங்கும்போது மட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். விரல் அளவுதான் இருக்கும், மணமும் இனிப்பும் தனி. 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. எங்கள் வீடுகளில் குழந்தைக்கு முதலில் ஊட்டும் பழம் இதுதான். இரண்டொரு நாளில் கனிந்துவிடும், எனவே ஊருக்குக் கொண்டுபோவதானால் காயாக வாங்குங்கள். நேந்திரங்காய் வற்றலும் முந்திரிக்கொத்தும் பல நாள் தாங்கும்.

படி 7: கிளம்பும் காலை

சொந்த வண்டியில் திருநெல்வேலி வழியாகத் திரும்புகிறவர்கள் விடியற்காலையிலேயே புறப்படுங்கள். வழியில் தோவாளை பூச்சந்தை வரும். வெளிச்சம் வருவதற்குள் வியாபாரம் சூடுபிடித்திருக்கும். பிச்சியும் மல்லியும் கேந்தியும் மூட்டை மூட்டையாக இறங்கும், கேரளத்துக்குப் போகும் வண்டிகள் காத்து நிற்கும். உதிரிப் பூவைத் துணிப்பையில் போட்டால் வாடிவிடும். ஈரமான வாழையிலையில் பொதிந்து தரச் சொல்லுங்கள், அவர்களே நாரால் கட்டிக் கொடுப்பார்கள். பின் இருக்கையில் வெயில் படாத இடமாக வைத்துவிட்டு வண்டியை எடுங்கள்.