வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு, லோடுக்கு இருக்கா? கம்பெனி காண்ட்ராக்ட்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி பாக்க வேண்டிய பேப்பர்ஸ்

நாமக்கல், சங்ககிரி பக்கம் இருந்து வந்து பெங்களூர்ல ரெண்டு மூணு வண்டி வச்சு ஓட்டற நம்ம ஆளுங்களுக்காக இது. யஷ்வந்த்பூர் டெர்மினல்ல புரோக்கர்கிட்ட மார்க்கெட் லோடு எடுக்கற வரைக்கும் ஆர்சி, எஃப்சி (வண்டியோட ஃபிட்னஸ் சர்டிபிகேட்), இன்சூரன்ஸ் ஜெராக்ஸ் கொடுத்தா வேலை முடிஞ்சுது. ஆனா பீன்யாவுலயோ பொம்மசந்திராவுலயோ ஒரு கம்பெனியோட நேரடியா வருஷ காண்ட்ராக்ட் போடப் போனா "இன்சூரன்ஸ் ப்ரூஃப் அனுப்புங்க"ன்னு மெயில் வரும், நாமளும் வண்டி பாலிசியை ஸ்கேன் பண்ணி அனுப்பிடுவோம், அவங்க பர்ச்சேஸ்ல இருக்கற பையனும் டிக் அடிச்சு ஃபைல்ல போட்டுடுவான். ரெண்டு பேரும் லோடு கவர் ஆயிடுச்சுன்னு நினைச்சுட்டு இருப்பாங்க, ஆனா அந்தப் பேப்பர்ல லோடைப் பத்தி ஒரு வரி கூட இருக்காது.

வண்டி பாலிசி ரெண்டு விஷயத்துக்குத்தான். ஒண்ணு, வண்டி மோதி அடுத்தவங்களுக்கு ஆகற நஷ்டம், இது மோட்டார் வாகனச் சட்டம் 1988 படி கட்டாயம், இல்லாம ஓட்டினா முதல் தடவை 2,000 ரூபாய் ஃபைன் இல்லன்னா மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டுமே. இன்னொண்ணு பேக்கேஜ் பாலிசி எடுத்திருந்தா நம்ம வண்டிக்கு ஆகற டேமேஜ். உள்ள ஏத்தின சரக்குக்கு இதுல ஒரு பைசா கிடையாது. சரக்குக்கு மரைன் பாலிசின்னு தனியா இருக்கு (ரோட்டுல போற லோடுக்கும் அதுக்கு பேரு மரைன்தான், கடலைத் தேடாதீங்க), அதை எடுக்கறது பெரும்பாலும் சரக்கு ஓனர். அந்த சரக்குக்கு நாம சட்டப்படி பொறுப்பாகறோமே, அந்தப் பொறுப்பை கவர் பண்றது கேரியர்ஸ் லீகல் லயபிலிட்டி பாலிசி, அது நாம எடுக்க வேண்டியது. இந்த மூணையும் தனித்தனியா பாக்கணும்.

முதல்ல நம்ம வண்டி பாலிசியையே ஒழுங்கா படிங்க. தேதியை மட்டும் பாத்துட்டு மூடி வைக்காதீங்க. பாலிசியில இருக்கற இன்ஷூர்டு பேரும், ஆர்சியில இருக்கற பேரும், காண்ட்ராக்ட்ல கையெழுத்து போடற பேரும் ஒண்ணா இருக்கணும். ஆர்சி அண்ணன் பேர்ல, பாலிசி பழைய ஓனர் பேர்ல, காண்ட்ராக்ட் நம்ம ஃபர்ம் பேர்லன்னு மூணு பேரு வந்தா அது ப்ரூஃபே இல்ல. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கினவங்க இதுல ரொம்ப மாட்டறாங்க, தேர்ட் பார்ட்டி கவர் சட்டப்படி புது ஓனருக்கு வந்துடும், ஆனா நம்ம வண்டிக்கான டேமேஜ் கவர் தானா வராது, பேரு மாத்த 14 நாளுக்குள்ள இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிடணும். அப்புறம் சேசிஸ் நம்பரோட கடைசி அஞ்சு எழுத்தை ஆர்சியோட வச்சு பாருங்க, ஒரு எழுத்து மாறி டைப் ஆகியிருந்தாலும் கிளெய்ம் வர்ற அன்னிக்கு அதையே பிடிச்சுட்டு நிப்பாங்க. "லிமிடேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்"னு ஒரு பாரா இருக்கும், யாரும் படிக்க மாட்டோம், பெர்மிட் படி ஓட்டினாதான் கவர்னு அங்கதான் இருக்கும். பப்ளிக் கேரியரா பிரைவேட் கேரியரான்னும் பாருங்க, வாடகைக்கு அடுத்தவங்க சரக்கு ஏத்தறவங்களுக்கு பப்ளிக் கேரியர்தான் வேணும்.

இன்னொரு நம்பர், அடுத்தவங்க சொத்து சேதத்துக்கான லிமிட். கமர்ஷியல் வண்டிங்கள்ல வழக்கமா 7,50,000 ரூபாய்னு போட்டிருக்கும். கம்பெனி யார்டுல ரிவர்ஸ் எடுக்கும்போது ஷெட் தூணையோ புது மெஷினையோ இடிச்சா அதுக்கு மேல ஆகற நஷ்டம் நம்ம தலையில. காண்ட்ராக்ட்ல "ட்ரான்ஸ்போர்ட்டரால் பிரிமைஸுக்கு ஏற்படும் எல்லா சேதத்துக்கும்"னு ஒரு வரி இருந்தா அதுல லிமிட் போடச் சொல்லிக் கேளுங்க. ஏத்தி இறக்க நம்ம ஆளுங்களையே கூட்டிட்டுப் போறதா இருந்தா அவங்களுக்கு எம்ப்ளாயீஸ் காம்பன்சேஷன் பாலிசி (வேலையில அடிபட்டா நஷ்டஈடு தர்றது, எல்லாரும் இன்னும் டபிள்யூசின்னுதான் சொல்றாங்க) தனியா கேப்பாங்க, கேக்கலைன்னாலும் எடுத்துடுங்க. கெமிக்கல், ஆசிட் லோடுன்னா 1991 பப்ளிக் லயபிலிட்டி சட்டத்துப்படி வேற ஒரு பாலிசி இருக்கு, அது இல்லாம அந்த லோடு பக்கமே போகாதீங்க.

இப்ப சரக்கு பாலிசி. கம்பெனிக்காரங்க "எங்களுக்கு ஓபன் பாலிசி இருக்கு, நீங்க கவலைப்படாதீங்க"ம்பாங்க (லோடு லோடா எடுக்காம அனுப்பற எல்லாத்துக்கும் சேத்து எடுத்து வைக்கற மரைன் பாலிசி). கவலைப்பட வேண்டியதே அங்கதான். பாலிசி ஷெட்யூல் ஒரு காப்பி கேளுங்க, பிரீமியம் தொகையை மறைச்சுட்டு கொடுத்தாலும் பரவாயில்ல. அதுல எந்த கிளாஸ்னு பாருங்க, ஐடிசின்னு (இன்லண்ட் ட்ரான்சிட் கிளாஸ், உள்நாட்டுல போற லோடுக்கு எதெல்லாம் கவர்னு சொல்ற விதி) போட்டிருக்கும். ஐடிசி ஏ-ன்னா கிட்டத்தட்ட எல்லா ரிஸ்க்கும், திருட்டு, மழையில நனையறது எல்லாம் வரும், ஆனா பேக்கிங் மோசமா இருந்து உடைஞ்சதும் லேட்டா போய் கெட்டுப்போனதும் வராது. ஐடிசி பி-ன்னா தீ, இடி, பாலம் உடையறது, வண்டி மோதறது, கவுர்றது, இவ்வளவுதான். சி-ன்னா தீயும் இடியும் மட்டும். பி வச்சிருக்கற கம்பெனி லோடு தார்ப்பாய் கிழிஞ்சு நனைஞ்சா அவங்களுக்கு இன்சூரன்ஸ்ல ஒண்ணும் வராது, நேரா நம்ம பில்லுல பிடிப்பாங்க. ஒரு வண்டிக்கு எவ்வளவு மதிப்பு வரைக்கும் கவர்னு ஒரு லிமிட் போட்டிருக்கும், அதையும் நம்ம லோடோட இன்வாய்ஸ் மதிப்பையும் பக்கத்துல வச்சு பாருங்க.

சரி, அவங்க பாலிசி ஏ கிளாஸ், லிமிட்டும் போதும்னு வைங்க. இன்சூரன்ஸ் கம்பெனி சரக்கு ஓனருக்கு முழுசா பணம் கொடுத்துடுச்சு. விஷயம் முடிஞ்சுதுன்னு நினைப்போம், முடியாது. பணம் கொடுத்த இன்சூரன்ஸ் கம்பெனி சரக்கு ஓனர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு அவரோட உரிமையில நம்மகிட்ட அந்தப் பணத்தை வசூல் பண்ண வரும். இதுக்கு பேரு சப்ரகேஷன். 2010ல சரண் ஸ்பின்னிங் மில்ஸ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டோட அஞ்சு நீதிபதி பெஞ்ச் இதை விலாவாரியா எழுதியிருக்கு, நூல் லோடு ஏத்தின ட்ரான்ஸ்போர்ட் கம்பெனிதான் அதுல தோத்துச்சு. அதனால அவங்களோட நல்ல பாலிசி அவங்களைத்தான் காப்பாத்தும், நம்மள இல்ல. நம்மள காப்பாத்தணும்னா அந்த மரைன் பாலிசியிலயே "ட்ரான்ஸ்போர்ட்டர் மேல சப்ரகேஷன் உரிமையை விட்டுக் கொடுக்கறோம்"னு இன்சூரன்ஸ் கம்பெனி எண்டார்ஸ்மெண்ட் (பாலிசியோட சேத்து எழுதற குறிப்பு) போட்டிருக்கணும். சரக்கு ஓனர் காண்ட்ராக்ட்ல எழுதிக் கொடுத்தா மட்டும் போதாது, இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரியாம அவர் விட்டுக் கொடுத்தா அவரோட கிளெய்மே சிக்கலாயிடும். இந்த எண்டார்ஸ்மெண்ட் காப்பி இல்லாம விலை உயர்ந்த லோடுக்கு கையெழுத்து போடறது எனக்கு சரியாப் படல. கொடுக்க மாட்டேன்னு சொன்னா நாம லயபிலிட்டி பாலிசி எடுத்து அந்த பிரீமியத்தை வாடகையில ஏத்திக் கேக்கணும்.

லயபிலிட்டி பாலிசி எடுக்கும்போது ரெண்டு லிமிட் இருக்கும், ஒரு விபத்துக்கு எவ்வளவு, வருஷம் முழுக்க எவ்வளவு. ஒரு விபத்துக்கு 10 லட்சம், வருஷத்துக்கும் 10 லட்சம்னு எடுத்து வச்சுட்டு ஜூன்லயே ஒரு கிளெய்ம் 8 லட்சத்துக்குப் போனா மிச்ச வருஷத்துக்கு 2 லட்சம்தான் கவர், ஆனா சர்டிபிகேட்ல இன்னும் 10 லட்சம்னுதான் அச்சு இருக்கும். எக்ஸஸ் தொகை (கிளெய்ம்ல பாலிசி எடுத்தவர் கையில இருந்து போற பங்கு) எவ்வளவு, வெளி வண்டி பிடிச்சு அனுப்பினா கவர் உண்டா, டிரைவரே லோடோட ஓடிட்டா கவர் உண்டான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. ஏஜென்ட் வாயால சொல்றது கிளெய்ம் டேபிள்ல செல்லாது.

காண்ட்ராக்ட்ல பொறுப்பு எவ்வளவுங்கற வரிதான் எல்லாத்தையும் விட முக்கியம். சாலை வழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007ம் அதோட 2011 ரூல்ஸும் சொல்றது, சரக்கு அனுப்பறவர் அதிக மதிப்பு டிக்ளேர் பண்ணி ஹையர் ரிஸ்க் ரேட்டுக்கு (கூடுதல் பொறுப்புக்கான கூடுதல் வாடகை) ஒத்துக்கலைன்னா ட்ரான்ஸ்போர்ட்டர் பொறுப்பு வாடகையோட பத்து மடங்கு வரைக்கும்தான். 40,000 ரூபாய் வாடகைன்னா 4 லட்சம். ஆனா கம்பெனி டிராஃப்ட்ல "முழு இன்வாய்ஸ் மதிப்புக்கும் ட்ரான்ஸ்போர்ட்டரே பொறுப்பு"ன்னு ஒரு வரி எங்கயாவது பத்தாம் பக்கத்துல இருக்கும். அதுல கையெழுத்து போட்டுட்டு அப்புறம் பத்து மடங்கு பத்திப் பேசினா யாரும் கேக்க மாட்டாங்க. அதே மாதிரி நம்ம எல்ஆர்ல (லாரி ரசீது) "ஓனர்ஸ் ரிஸ்க்"னு (சேதமானா சரக்கு ஓனரே பொறுப்பு) சீல் அடிச்சுட்டா தப்பிச்சோம்னு நினைக்கற பழக்கம் நம்மகிட்ட இருக்கு, அந்த சீலை மட்டும் நம்பாதீங்க. ஒண்ணு நமக்கு சாதகமா இருக்கு, புக்கிங் தேதியில இருந்து 180 நாளுக்குள்ள எழுத்துல நோட்டீஸ் கொடுக்காம பார்ட்டி கேஸ் போட முடியாது, அதனால எல்ஆர் தேதி தெளிவா இருக்கட்டும்.

டெபிட் நோட் (பில்லுல இவ்வளவு பிடிக்கறோம்னு கம்பெனி கொடுக்கற பேப்பர்) பத்தி ஒரு வரி கட்டாயம் சேக்கச் சொல்லுங்க. நிறைய இடத்துல நடக்கறது என்னன்னா டேமேஜ் ஆன உடனே நம்ம பில்லுல முழுசா பிடிச்சுடறாங்க, இன்சூரன்ஸ்லயும் வாங்கிக்கறாங்க. "இன்சூரன்ஸ் கிளெய்ம் செட்டில் ஆகற வரைக்கும் பிடித்தம் கூடாது, செட்டில் ஆனதும் எக்ஸஸ் தொகை மட்டும்"னு எழுதி வாங்கினா அந்த வழி அடைபட்டுடும்.

வெளி வண்டி பிடிக்கும்போது நாமளே அந்த பர்ச்சேஸ் பையன் மாதிரி ஆயிடறோம், அட்டிபெலே டோல் தாண்டற அவசரத்துல டிரைவர் வாட்ஸப்ல அனுப்பற பிடிஎஃப்பை அப்படியே நம்பறோம். பிடிஎஃப்ல தேதி மாத்தறது அஞ்சு நிமிஷ வேலை. அரசாங்கத்தோட எம்பரிவாகன் ஆப்ல வண்டி நம்பர் போட்டு இன்சூரன்ஸ் தேதி பாருங்க, பாலிசியில இருக்கற க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க. கவர் நோட் (பாலிசி வர்ற வரைக்கும் தர்ற தற்காலிக பேப்பர்) மட்டும்தான் இருக்குன்னு சொன்னா அது 60 நாள்தான் செல்லும்னு ஞாபகம் வச்சுக்கங்க. செக் கொடுத்து எடுத்த பாலிசின்னா இன்னும் உஷாரா இருங்க, பிரீமியம் உள்ள வராம ரிஸ்க் ஏத்துக்கக் கூடாதுன்னு இன்சூரன்ஸ் சட்டத்துலயே இருக்கு, செக் பவுன்ஸ் ஆனா கேன்சல் பண்ணிடுவாங்க, கையில இருக்கற பேப்பர் மட்டும் பளபளன்னு அப்படியே இருக்கும்.

சந்தேகம் இருந்தா பாலிசியில போட்டிருக்கற இமெயிலுக்கு எழுதாம இன்சூரன்ஸ் கம்பெனி வெப்சைட்ல இருக்கற இமெயிலுக்கு எழுதுங்க. ரெண்டு வரி போதும்: "இந்த பாலிசி நம்பர் இன்றைய தேதிக்கு ஃபோர்ஸில் உள்ளதா, பிரீமியம் வரவாகிவிட்டதா, இந்த வருடம் கிளெய்ம் போய் லிமிட் குறைந்துள்ளதா?" பதில் வந்தா அந்த மெயிலையே ஃபைல்ல வைங்க, சர்டிபிகேட்டை விட அது பலமான பேப்பர்.

லோடு டேமேஜ் ஆயிட்டா டிரைவர்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, இறக்கற இடத்துல அவங்க நீட்டற பேப்பர்ல "எங்கள் தவறால் சேதம்"னு இருந்தா கையெழுத்து போட வேணாம். 200 பெட்டி ஏத்தினோம், 198 நல்லா இறங்கியிருக்கு, ரெண்டு நனைஞ்சிருக்குன்னு நடந்ததை மட்டும் எழுதி, போட்டோ எடுத்து, சர்வேயர் (சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ்ல இருந்து வர்றவர்) வர்ற வரைக்கும் நனைஞ்ச பெட்டியைக் கலைக்காம ஒதுக்கி வைக்கச் சொல்லுங்க.