புகைப்படத்தை வைத்து வெடிப்பின் ஆற்றலைக் கணக்கிடுவது எப்படி?

1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் ட்ரினிட்டி அணுகுண்டுச் சோதனை நடந்தது. அதன் ஆற்றல் ரகசியமாக இருந்த காலத்திலேயே, வெளியிடப்பட்ட புகைப்படங்களைக் கொண்டு கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஜி. ஐ. டெய்லர் அதைக் கணக்கிட்டார். 1950-இல் அச்சிலும் கொண்டுவந்தார். பயன்பாட்டுக் கணிதத்தைத் தொழிலாகக் கொள்ள நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறையாவது கையால் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதல் வேலை, எவையெல்லாம் கணக்கில் வரும் என்று முடிவுசெய்வது. தீக்கோளத்தின் ஆரம், வெடித்தபின் கழிந்த நேரம், சுற்றியுள்ள காற்றின் அடர்த்தி, வெளிப்பட்ட ஆற்றல். இந்த நான்கு போதும். வளிமண்டல அழுத்தத்தை விட்டுவிடலாம். தொடக்கத்தில், வெடிப்பிலிருந்து வெளிநோக்கி விரையும் அதிர்ச்சி அலைக்குள் இருக்கும் அழுத்தம் அதைவிடப் பன்மடங்கு பெரியது. கடினமான பகுதி இந்தத் தேர்வுதான். எதை விடலாம் என்று தெரிந்தவருக்கு மிச்சமெல்லாம் பள்ளி இயற்கணிதம்.

இனி அலகுகள். ஆற்றலுக்கு கிலோகிராம் × மீட்டர்² ÷ நொடி². அடர்த்திக்கு கிலோகிராம் ÷ மீட்டர்³. முன்னதைப் பின்னதால் வகுத்தால் கிலோகிராம் அடிபட்டு மீட்டர்⁵ ÷ நொடி² மிஞ்சும். ஆரம்⁵ ÷ நேரம்² என்பதற்கும் அதே அலகுதான். ஆகவே:

ஆற்றல் = மாறிலி × அடர்த்தி × ஆரம்⁵ ÷ நேரம்²

மாறிலியின் மதிப்பை அலகுகள் சொல்லாது. டெய்லர் வாயு இயக்கச் சமன்பாடுகளைத் தீர்த்து, காற்றுக்கு அது 0.856 என்று கண்டார். முதல் மதிப்பீட்டுக்கு 1 என்றே வைக்கலாம்.

0.025 நொடியில் ஆரம் 130 மீட்டர். காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 1.25 கிலோகிராம். விடை சுமார் 7.4 × 10¹³ ஜூல். ஒரு கிலோடன் டிஎன்டி வெடிமருந்தின் ஆற்றல் 4.184 × 10¹² ஜூல் என்பதால், ஏறக்குறைய 18 கிலோடன். பல படங்களைச் சேர்த்துப் பார்த்த டெய்லருக்கு 16.8 கிடைத்தது. அமெரிக்க அரசு பின்னர் அறிவித்த மதிப்பு 21.

பிழை பெரும்பாலும் ஆரத்தில்தான் நுழையும். அது ஐந்தாம் அடுக்கில் இருப்பதால், 5% கூடுதலாக அளந்தால் ஆற்றல் 28% ஏறிவிடும். விட்டத்தை ஆரமென்று எடுத்துக்கொண்டால் விடை 32 மடங்கு! மில்லிநொடியை நொடியாக்க மறப்பதும் அடிக்கடி நடப்பது.

அதனால் ஒரே படத்தை நம்பாதீர்கள். பல படங்களிலிருந்து ஆரத்தின் மடக்கையை நேரத்தின் மடக்கைக்கு எதிராக வரையுங்கள். சாய்வு 2/5 உள்ள நேர்கோடு வர வேண்டும். பிந்தைய புள்ளிகள் கோட்டை விட்டு விலகினால், அங்கே அலை வலுவிழந்து வெளிக்காற்றின் அழுத்தம் குறுக்கிடுகிறது. அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மிக முந்தைய புள்ளிகளையும் அதேபோல் விட்டுவிடுங்கள்: அலை வாரிச் சேர்த்த காற்றின் நிறை குண்டின் நிறையைத் தாண்டும்வரை இந்தச் சூத்திரம் பொருந்தாது.