இறுதியாண்டு புராஜெக்ட்டை நிறுவன முறையில் நடத்துவது எப்படி?

கடைசி மாதத்தில் ஜிப் கோப்பாகக் கைக்கு வரும் புராஜெக்ட்டால் வேலைக்குத் தேவையான பழக்கம் எதுவும் படியாது. நான்கு பேர் குழு என்றால், முதல் வாரமே கிட்ஹப்பில் (நிரலைச் சேர்ந்து எழுத உதவும் தளம்) ஒரு ரெப்போ (புராஜெக்ட்டின் நிரல் சேமிப்பிடம்) திறந்து, அதன் முதன்மைப் பிரதியான மெயின் கிளையைப் பூட்டுங்கள்: புல் ரிக்வெஸ்ட்டும் (என் மாற்றத்தைச் சேருங்கள் என்ற கோரிக்கை) இன்னொருவர் ஒப்புதலும் இல்லாமல் எதுவும் அதில் சேரக்கூடாது. இலவசக் கணக்கில் இந்தப் பூட்டு பொது ரெப்போவில்தான் வேலை செய்யும்.

ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டும் 200 வரிக்குள் இருக்கட்டும். 2,000 வரி வந்தால் யாரும் படிக்காமலே 'ஓகே' சொல்லிவிடுவார்கள். அப்புறம் ரிவ்யூ எதற்கு?

"என் லேப்டாப்பில் ஓடுதே" என்ற பேச்சுக்குப் பெரும்பாலும் லைப்ரரி (பிறர் எழுதிய ஆயத்த நிரல்) பதிப்பு வேறுபாடுதான் காரணம். பைத்தானில், தேவையான லைப்ரரிகளைப் பட்டியலிடும் ரெக்வயர்மெண்ட்ஸ் கோப்பில் துல்லியமான பதிப்பு எண்ணை எழுதுங்கள். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்ற தானியங்கி வசதி வழியாக, ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டிலும் டெஸ்ட்கள் தானாக ஓடட்டும்.

அதிகம் நடக்கும் விபத்து, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு கமிட்டில் (வரலாற்றில் பதியும் மாற்றத்தில்) போய்விடுவது. கோப்பை நீக்கினால் போதாது, பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், வரலாற்றைச் சுத்தம் செய்வது பிறகு. பதியக்கூடாத கோப்புகளின் பட்டியலான கிட்இக்னோரில் பின்னால் சேர்ப்பதும் உதவாது. ஏற்கெனவே பதிவான கோப்பை அது தடுக்காது. 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பைக் கிட்ஹப் ஏற்காது என்பதால் டேட்டாசெட்டுக்கு வேறு இடம் பாருங்கள்.

நிறுவன வழிகாட்டி கிடைத்தால் இரு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் போதும். ஸ்லைடு வேண்டாம், ஓடும் மென்பொருளைக் காட்டுங்கள்.

ஆசிரியர்களுக்கு: கமிட் எண்ணிக்கைக்கு மதிப்பெண் போடாதீர்கள், வெற்றுக் கமிட்டாகக் குவியும். ரிவ்யூவில் எழுதிய கருத்துகளைப் படித்துப் போடுங்கள்.