கோல் கீப்பர் பிள்ளைகளைப் பாயப் பழக்கும்போது விடும் பிழைகள்

"பயப்பிடாமப் பாய் மனே!" என்று மைதான ஓரத்தில் நின்று கத்துவதால் எந்தப் பிள்ளையும் பாயப் பழகுவதில்லை. பத்து வயதுக் கீப்பர் தயங்குகிறான் என்றால், முன்பு விழுந்தபோது முழங்கையோ இடுப்பெலும்போ நன்றாக நொந்திருக்கும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது. ஆகவே பெரிய பிழை, விழப் பழக்காமல் பாயப் பழக்குவதுதான்.

விழுவதைத் தரையோடு ஒட்டியே தொடங்க வேண்டும். பிள்ளை கால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு கையாலும் பந்தை நெஞ்சுக்கு முன்னால் பிடித்தபடி பக்கவாட்டில் சாயட்டும். பிறகு முழங்காலில் நின்று, அடுத்துக் குந்தியிருந்து, கடைசியாகத்தான் எழுந்து நின்று. ஒவ்வொரு நிலையிலும் பக்கத்துக்கு ஆறு தடவை போதும். பந்தைக் கையில் கொடுத்தே தொடங்கக் காரணம் உண்டு: வெறுங்கையோடு சாயும் பிள்ளை தானாகவே கையைத் தரையில் ஊன்றும். வளரும் வயதில் மணிக்கட்டு முறிவது பெரும்பாலும் இப்படித்தான்.

நின்ற நிலையிலிருந்து விழும்போது கெண்டைக்காலின் வெளிப்பக்கம், தொடை, இடுப்பு, விலா, தோள் என்ற ஒழுங்கில் உடம்பு தரையைத் தொட வேண்டும். அடி ஓரிடத்தில் குவியாமல் நெடுகப் பரவினால் நோகாது. இங்கே இரண்டு கோளாறுகள் வரும். ஒன்று, குப்புற விழுவது. பந்து வயிற்றுக்கும் தரைக்கும் இடையில் அகப்பட்டு மூச்சடைத்துவிடும். விழுந்து கிடக்கும்போது சட்டையின் முன்பக்கம் எதிரே நிற்பவருக்கு முழுதாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் பிள்ளை தோளை முன்கூட்டியே தரைப்பக்கம் திருப்புகிறது. மற்றது, கீழ்க்கை முழங்கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்வது. இரு முழங்கைகளும் எப்போதும் உடம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பந்தை நோக்கிக் கையை நீட்டச் சொன்னாலே பாதி சரியாகிவிடும்.

அடுத்தது தரை. வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கிழக்கிலங்கையின் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து மைதானங்கள் புல் கருகி, சீமெந்துத் தரைபோல் இறுகிவிடும். அந்தத் தரையில் தொடக்கப் பயிற்சி வேண்டாம். கல்லடியிலோ மருதமுனையிலோ கடற்கரை கிட்டவே இருக்கிறது. ஆனால் அலை நனைத்த மணலில் விழவிடாதீர்கள், அதுவும் கல்தான். மேலே கிடக்கும் காய்ந்த, பொலபொலவென்ற மணலே வேண்டும். போத்தல் ஓடு, தூண்டில், கயிற்றுத் துண்டு இருக்கிறதா என்று முதலில் காலால் அளைந்து பார்க்க வேண்டும். மணலிலேயே எல்லாவற்றையும் பழக்குவதும் பிழை. கால் புதைவதால் உந்திப் பாய வராது. விழுவதை மணலில் பழக்குங்கள், உந்துவதைப் புல்லில் பழக்குங்கள். மாரி தொடங்கி, தண்ணீர் தேங்குமுன் மண் இளகிக் கிடக்கும் நாட்கள் அதற்கு நல்ல காலம்.

உந்தும் காலில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பந்து வலப்பக்கம் வந்தால் வலக்கால்தான் முதலில் போக வேண்டும், அதுவும் நேர் பக்கவாட்டில் இல்லை, சாய்வாக முன்னோக்கி. பயந்த பிள்ளை பின்பக்கமாகவே சரியும். பந்தைத் தொட்டாலும் அது கோலுக்குள் போய்விடும். பிள்ளை நிற்கும் இடத்தில் பக்கவாட்டாகக் குதிக்காலால் ஒரு கோடு கீறிவிடுங்கள். பாய்ந்து எழும்பிய பிறகு உடம்பு பட்ட தடம் கோட்டுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்கள். பத்துத் தடவை விளங்கப்படுத்துவதைவிட இது பலன் தரும்.

கை வைக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லலாம்: கீழ்க்கை பந்துக்குப் பின்னால், மேல்கை பந்தின் மேல், கீழே தரை. பாயும்போதே பந்தை வயிற்றோடு அணைக்க முயன்றால் நழுவும். விழுந்து முடிந்த பிறகு அணைக்கலாம்.

பயிற்றுவிப்பாளர் காட்டும் வீரமும் ஒரு பிழை. தொடக்கத்தில் பந்தை உதைக்கவே வேண்டாம். நாலைந்து மீற்றரில் நின்று, எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டு, கையால் உருட்டுங்கள். பந்து பிள்ளையிலிருந்து ஒரு மீற்றர் தள்ளிப் போனால் போதும். பக்கம் சொல்லாமல் உருட்டுவது, துள்ளவிடுவது, மெதுவாக உதைப்பது எல்லாம் பிறகு. எட்டு முதல் பன்னிரண்டு வயது வரை 4ஆம் இலக்கப் பந்து போதும். இரும்புக் கம்பத்துக்குக் கிட்ட வைத்துப் பழக்காதீர்கள். மூன்று மீற்றராவது தள்ளி நிறுத்துங்கள். பிள்ளைக்குப் பாய நன்றாக வராத பக்கத்தை உடம்பு களைக்குமுன், முதலில் செய்விக்க வேண்டும். நம்மவர்கள் அநேகமாக வரும் பக்கத்திலேயே நேரத்தைக் கழித்துவிடுவார்கள்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு, பின்னேரம் முழு அணியும் கோலுக்கு அடித்துப் பழக அதே சின்னக் கீப்பரை ஐம்பது பந்துக்கு நிறுத்துவதும் நடக்கிறது. களைத்த பிள்ளை விழும் ஒழுங்கை மறந்து, முழங்கையில் விழத் தொடங்கும். பக்கத்துக்கு இருபது தடவை பாய்ந்தாயிற்றென்றால் அன்றைக்கு அதோடு விடுங்கள். அணி வெறும் கோலுக்கு அடிக்கட்டும். தலை தரையிலோ கம்பத்திலோ அடிபட்டால், "ஒன்றுமில்லை சேர்" என்று பிள்ளை சொன்னாலும் அன்று திரும்ப இறக்கக் கூடாது. வாந்தி, மயக்கம், தலையிடி இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.