கரையில் கிடப்பது பாசியா, கடற்புல்லா?

தூத்துக்குடிக் கடற்கரைக்குப் போனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, கடல் வற்றும் நேரமாகப் பார்த்துப் போங்கள். அப்போதுதான் நீர் நன்றாக உள்வாங்கும். ஒதுங்கிக் கிடக்கும் பச்சை நாடாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். கணுக்கள் உள்ள தண்டும் மண் அப்பிய வேரும் இருந்தால் கடற்புல். பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. வெறும் இலையாகக் கிடந்தால் கண்டுபிடிப்பது கொஞ்சம் சிரமம்தான். நிலத்துப் புல்லைப் போலக் கடற்புல்லும் பூக்கும். மன்னார் வளைகுடாவில் ஆவுளியா, அதாவது கடல்பசு, மேய்வது இதைத்தான். தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் அலையின் வேகத்தைத் தாங்கிக்கொள்வதால், ஆழமில்லாத நீரில் புல் நிம்மதியாக வேர்பிடிக்கிறது. அப்புறம், பார்த்ததை அங்கேயே விட்டுவிடுங்கள். பவளத்துண்டு எதையும் பையில் போடவே கூடாது. அது சட்டப்படி குற்றம்.